வேண்டாம் என்று சொன்ன குழல்கள்

இஷ்பெமிங், ஏப்ரல் 19, 1998

அன்புள்ள ரஸ் அண்ணா,

இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். டேரிலுக்குச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட். கூடத்து விளக்கைப் போட்டால் மேரிட் எழுந்துவிடுவாள் என்று அடுப்புக்கு மேலே இருக்கிற குட்டி விளக்கில் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? கப்பலில் இந்த வருஷமாவது சமைக்கத் தெரிந்த ஆளைப் போட்டிருக்கிறார்களா? இங்கே மூன்று பேருக்கும் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லை. மேரிட்டுக்கு மூன்று மாதம் முடிந்தது, எடை சரியாக ஏறுகிறது என்று நர்ஸ் சொன்னாள். அழுகிறாள். முதலில் அது பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவதுபோலக் கேட்கும். அப்புறம்தான் நம்முடையது என்று எழுந்து போவேன்.

எழுத வந்தது வேறு. மார்ச்சில் கப்பலேறும் முன் வந்தபோது என் பிஸ்டலின் குழலைக் கழற்றி உன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனாயே. உள்ளே வீங்கியிருக்கிறது, கப்பல் பட்டறையில் வைத்துப் பார்க்கிறேன் என்றாய். எனக்கு வீக்கம் எதுவும் தெரியவில்லை. உன் கண் கூர்மை, சரி.

மே கடைசியில் துப்பாக்கி கிளப்பின் போட்டிகள் ஆரம்பிக்கின்றன. கிளப்பில் என்னோடு சுடுகிற ஜோஆன், வருகிறாயா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். விலை கொடுத்துத் தோட்டா வாங்கி இந்த வருஷம் கட்டுப்படியாகாது. ஈயக் குண்டு வாங்கி நானே தோட்டா கட்டிக்கொள்ள வேண்டியதுதான். பிஸ்டலோடு வந்த கம்பெனிக் குழலில் ஈயம் ஒட்டும், அதில் சுடக் கூடாது. எப்படியும் வேறு குழல் வாங்கியாக வேண்டும். விலைப்பட்டியலில் சில இருக்கின்றன. எல்லாவற்றிலும் மலிவானதை வாங்கட்டுமா?

மேரிட் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன். விடுகிறாள்.

உன் தங்கை,
ஹைடி


கானியட் துறை, மே 4

ஹைடிக்கு,

நல்லா இருக்கேன். இடுப்பு எனக்கு முன்னாடியே எழுந்து வேலைக்குப் போயிடுது, நான்தான் பின்னாடி போறேன். சமையல்காரன் புதுசு. பழையவனே தேவலைன்னு எல்லாரும் சொல்றாங்க, அவனையும் திட்டினவங்கதான்.

உன் கடுதாசி டெட்ராய்ட் ஆத்துல கைக்கு வந்துது. கப்பலை நிறுத்தாம, தபால் படகு பக்கத்துல ஒட்டிக்கிட்டே வந்து வாளியில போட்டுக் குடுப்பாங்களே, அதுல உன்னோடது மேலேயே இருந்துது. சுப்பீரியர் ஏரிப் பக்கம் இருந்தா ஒரு வாரம் தள்ளித்தான் கிடைச்சிருக்கும். பதில் வரலேன்னா கோவிச்சுக்காதே, மேலே எங்கயோ இரும்புக் கல்லு ஏத்திக்கிட்டு இருப்பேன்.

மலிவானது வேண்டாம். அதைச் செய்யுறவன் தோட்டா உட்கார்ற அறையை ரொம்ப இறுக்கமாக் குடைஞ்சிருப்பான். கம்பெனித் தோட்டா போகும், வீட்டுல கட்டினது பாதியில மாட்டிக்கும். போட்டி நடுவுல நின்னு அதை நோண்டிக்கிட்டு இருக்கப் போறியா? அவசரப்படாதே. போட்டி எங்கயும் ஓடிப் போகாது.

உன் பழைய குழல் என்கிட்ட பத்திரமா இருக்கு.

தூங்குறியா? டேரில் பகல் ஷிப்ட் கேட்டா குடுக்க மாட்டாங்களா? அவன்கிட்ட கேட்டியா? சனிக்கிழமை சவுனா மூட்டி வேர்க்கக் குளிக்கிறீங்களா, இல்ல அதையும் விட்டாச்சா? குழலைப் பத்தி எழுதுறப்ப இதையும் எழுது.

ரஸ்


இஷ்பெமிங், மே 17

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. நீ சௌக்கியம் என்று தெரிந்து நிம்மதி. இங்கே பனி முழுக்க உருகிவிட்டது, முற்றமெல்லாம் சேறு. மேரிட்டுக்குச் சளி பிடித்து விட்டது. நெஞ்சில் இறங்கியிருக்குமோ என்று டாக்டருக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்றாவது தடவை, முதலில் நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள் என்று நர்ஸ் சொன்னாள்.

அறை இறுக்கம் என்றாய். அதற்கு வழி இருக்கிறது. குழலைத் தனியாகக் கையில் பிடித்து, கட்டிய தோட்டா ஒவ்வொன்றையும் உள்ளே போட்டுப் பார்ப்பேன். டொக் என்று விழுந்து, விரலால் திருப்பினால் சுழல வேண்டும். சுழலாதது குப்பைக்கு. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நீதான், மறந்துவிட்டாயா? இருந்தாலும் நீ வேண்டாம் என்றதால் அதை விட்டேன். அடுத்தது, மேல்பக்கம் துளை போட்ட குழல் ஒன்று தள்ளுபடியில் வருகிறது. உதைப்பு குறையும் என்று போட்டிருக்கிறார்கள். வாங்கட்டுமா?

போன ஞாயிறு அன்னையர் தினம். சர்ச்சில் புதிதாகப் பெற்றவர்களையெல்லாம் எழுந்து நிற்கச் சொல்லி ஆளுக்கொரு பூ கொடுத்தார்கள். நின்றேன். முகம் எப்படி ஜொலிக்கிறது பாருங்கள் என்று டேரிலின் அம்மா நாலு பேரிடம் சொன்னாள். குளிரில் சிவந்த மூக்கைத்தான் சொல்லியிருப்பாள் என்று ஜோஆன் என் காதில் சொன்னாள். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: தூங்குகிறேன், கொஞ்சம். சவுனாவுக்கு விறகு வெட்ட ஆள் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை அண்ணா. வருத்தம்கூட இல்லை. பல் பிடுங்கும்போது ஊசி போடுவார்களே, உதட்டைக் கடித்தாலும் தெரியாது, அதுபோல இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஹைடி


கானியட் துறை, மே 29

டேரில் மாப்ள,

இதை வேணும்னுதான் சுரங்கத்து ஆபீஸ் விலாசத்துக்குப் போடுறேன். ஹைடி கண்ணுல பட வேண்டாம். நீ, உங்க அம்மா அப்பா, எல்லாரும் சுகமா இருக்கீங்கன்னு நம்புறேன்.

மார்ச்சுல நான் வந்த அன்னைக்கு நீ டூட்டிக்குக் கிளம்பிட்டே. மறந்துட்டுப் போன தொப்பியை எடுக்க நான் திரும்பி வந்தேன். மேரிட் உள்ளே கத்திக்கிட்டு இருந்துது. ஹைடி சமையலறை மேஜையில உட்கார்ந்திருந்தா. பிஸ்டலை எடுத்து முன்னாடி வெச்சிருந்தா. துடைக்கத்தான் எடுத்தேன்னா. எண்ணெய் இல்ல, துணி இல்ல, ஒண்ணும் இல்ல மேஜை மேல. பக்கத்துல போய் நின்னு ரெண்டு தரம் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினா.

குழல் வீங்கியிருக்குன்னு பொய் சொல்லிக் கழட்டிக்கிட்டு வந்துட்டேன். மொத்தமா எடுத்தா புரிஞ்சுப்பா, வெக்கப்படுவா. தவிர கப்பல்ல துப்பாக்கி ஏத்த விட மாட்டாங்க. குழல்னா வெறும் இரும்புக் குழாய்தானே. அது இல்லாம மிச்சம் இருக்கிறது எதுக்கும் ஆகாது. உன் வேட்டைத் துப்பாக்கியெல்லாம் உங்க அப்பாவோட காட்டு வீட்டுல பூட்டி இருக்குன்னு தெரியும். அங்கயே இருக்கட்டும்.

அவ புதுக் குழல் எது வாங்கலாம்னு கேட்டுக் கேட்டு எழுதுறா. நான் ஏதாவது நொள்ளை சொல்லித் தள்ளிக்கிட்டு இருக்கேன். எத்தனை நாளைக்கு முடியும்? களைப்பு, தூங்கினா சரியாப் போயிடும்னு சொல்லாதே மாப்ள. பகல் ஷிப்டுக்கு மாறு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. ஒரு வரி எழுது.

ரஸ்


கானியட் துறை, மே 29

ஹைடிக்கு,

மேரிட் சளி விட்டுச்சா? இங்க எல்லாம் வழக்கம்போல.

துளை போட்ட குழலா? வேண்டவே வேண்டாம். அதை மாட்டின அடுத்த நிமிஷம் உன்னைப் பெரிய பிரிவுல தள்ளிடுவாங்க. கிரீன் பே பல் டாக்டர் ஞாபகம் இருக்கா, காரை விட விலையான பிஸ்டலை வெல்வெட் பையில வெச்சுக் கொண்டாருவாரே, அவரோட நின்னு சுடணும். அவருக்கு உன்னைப் பாத்தா ரொம்ப சந்தோஷமா இருக்கும், தனக்குக் கீழே ஒரு ஆள் கிடைச்சதுன்னு. ஈயக் குண்டு வேற அந்தத் துளையில ஈயத்தைச் சிதறும்.

ஊசி போட்ட மாதிரி இருக்குன்னு எழுதினே. அதையே டாக்டர்கிட்ட சொல்லு. குழந்தைக்காக மூணு தரம் போன் பண்ணினியே, உனக்காக ஒரு தரம் பண்ணு.

ரஸ்


இஷ்பெமிங், ஜூன் 14

அன்புள்ள அண்ணா,

நலமா? இங்கே நலம்.

முதல் போட்டி முடிந்துவிட்டது. நான் போகவில்லை. கிளப்பில் ஒருவர் தன் பழைய குழலைப் பாதி விலைக்குத் தருகிறார். இல்லையென்றால், பட்டறையில் கொடுத்து அரம் போட்டுப் பொருத்துகிற தடித்த குழல் இருக்கிறது, அதில் குறி இன்னும் துல்லியமாக விழுமாம். இரண்டில் எது?

நேற்றுப் பால் புட்டியை அலமாரியிலும் சர்க்கரை டப்பாவை ஃப்ரிஜ்ஜிலும் வைத்திருந்தேன். டேரில் தேடி எடுத்தார். இடம் மாற்றி வைத்தார். இப்போதெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், நான் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

உன் பதில் வரும்வரை எதுவும் செய்வதில்லை என்று வைத்திருக்கிறேன். வாளியில் சீக்கிரம் கிடைக்கட்டும்.

ஹைடி


கானியட் துறை, ஜூலை 2

ஹைடிக்கு,

தாமதம். டூ ஹார்பர்ஸ் துறையில கல்லு ஏத்துற மெஷின் வார் அறுந்து நாள் கணக்கா நின்னுட்டோம். உன் கடுதாசி அவ்வளவு நாளா டெட்ராய்ட்ல காத்துக்கிட்டு கிடந்திருக்கு. கையில வாங்கினதும் தேதியைப் பாத்தேன், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெச்சுட்டு இதை எழுதுறேன்.

ரெண்டும் வேண்டாம். அடுத்தவன் சுட்ட குழல்ல என்ன சுட்டான்னு யாருக்குத் தெரியும். அரம் போடுற குழலுக்கு, பட்டறைக்காரன் வாங்குற கூலியில இன்னொரு குழலே வாங்கிடலாம். உனக்கு வேண்டியது சாதாரணமானது. பிஸ்டல்ல இருந்து வெளிய நீட்டக் கூடாது, துளை கூடாது, அரம் கேக்கக் கூடாது, அறை கொஞ்சம் தளர்வா இருக்கணும். அப்படி ஒண்ணு எனக்குத் தெரிஞ்சு இல்ல. நான் விசாரிக்கிறேன். அது வரைக்கும் பொறு.

நீ கேட்டுக்கிட்டே இரு. நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். எனக்கு அலுக்காது.

ரஸ்


சுரங்கத்து ஆபீஸ், ஜூலை 9

ரஸ் மச்சானுக்கு,

உன் கடுதாசிக்கு உடனே பதில் எழுதல. எழுத உட்காருவேன், வராது. கோவம்கூட வந்துச்சு, என் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதான்னு. அப்புறம் சர்க்கரை டப்பாவ ஃப்ரிஜ்ல பார்த்தேன்.

நாளைலேர்ந்து பகல் ஷிப்ட். போர்மேன் முனகினான், குடுத்துட்டான். டாக்டர்கிட்ட வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கேன். சொன்னேன், சரின்னா. எதுக்குன்னு கேக்கல.

இத எழுதுறது வேற விஷயத்துக்கு. நேத்து வாசல்ல ஒரு பெட்டி கிடந்துச்சு. அவ பேருக்கு. குழல் செய்யுற கம்பெனி பேரு மேல அச்சடிச்சிருக்கு. தபால்காரன் விதைப் பாக்கெட்டு மாதிரி வெச்சுட்டுப் போயிருக்கான். கையெழுத்தில்ல, லைசென்ஸ் கேக்கல. சட்டத்துக்கு அடிப்பாகம்தான் துப்பாக்கி, குழல் வெறும் உதிரி. நீ இதெல்லாம் கரைச்சுக் குடிச்சவன், உனக்குத் தோணலயா மச்சான்?

அவ அதப் பிரிக்கல. வாஷிங் மெஷின் மேல வெச்சிருக்கா. துணி போடப் போறப்ப ஒரு தரம் பாக்குறா. எடுத்து ஒளிச்சு வெக்கவா? ஒளிச்சா, நான் என்ன நினைக்கிறேன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். இல்ல, தெரியட்டுமா?

டேரில்


கானியட் துறை, ஜூலை 18

ஹைடி,

டேரில் கடுதாசி இப்பதான் ஆத்துல கைக்கு வந்துது. துறையில இறங்கி வீட்டுக்கு நாலு தரம் போன் போட்டேன், யாரும் எடுக்கல. கப்பல் ஒன்பது மணிக்குக் கிளம்புது. இதைத் தபால் பெட்டியில போட்டுட்டு மறுபடியும் போன் போடப் போறேன்.

எனக்கு நேராத்தான் கேக்க வரும், சுத்தி வளைச்சு இத்தனை மாசம் ஓட்டினது போதும். குழல்ல வீக்கம் ஒண்ணும் இல்ல. அது உனக்கும் தெரியும்.

நீ சாகணும்னு நினைக்கிறியா?

எந்தப் பதில் சொன்னாலும் நான் உன்மேல கோவிச்சுக்க மாட்டேன். கேட்டுட்டு ஓடிடவும் மாட்டேன். அந்தக் குழல் பெட்டியை ஜோஆன்கிட்ட குடுத்துடு, பிஸ்டலையும். இதை டேரிலுக்கும் சொல்றேன்.

ரஸ்


இஷ்பெமிங், ஜூலை 24

அன்புள்ள அண்ணா,

மறுபடியும் அகாலத்தில்தான் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். டேரில் உள்ளே குறட்டை விடுகிறார். பகல் ஷிப்டுக்கு வந்ததில் அது ஒன்றுதான் குறை. நீ நலமாக இருக்க வேண்டும். நீ போன் செய்த அன்று நாங்கள் மூவரும் ஜோஆன் வீட்டில் இருந்தோம், அதனால்தான் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. உன்னைப் பயமுறுத்திவிட்டேன்.

நேராகக் கேட்டாய், நேராகச் சொல்கிறேன். ஆமாம். ஆசையாக ஒருநாளும் வந்ததில்லை. கணக்குப் போட்டதுபோல வரும். நான் இல்லாவிட்டால் இவர்கள் இரண்டு பேருக்கும் இன்னும் சுலபம் என்று விடை வரும். மார்ச்சில் மேஜையில் உட்கார்ந்து அந்தக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தொப்பிக்காக வந்தாய். டாக்டரிடமும் இதைச் சொன்னேன். டேரில் பக்கத்தில் இருந்தார். அவர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு என் கோட்டு நுனியைப் பிடித்திருந்தார், விடவே இல்லை. பிள்ளை பெற்ற நிறையப் பேருக்கு இது வருமாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வேலை செய்யச் சில வாரங்கள் ஆகுமாம். இதுவரை ஒரு மாற்றமும் தெரியவில்லை. வாய் மட்டும் உலர்கிறது. வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள், போகிறேன்.

இனி குழல் விஷயம். ஏப்ரலிலிருந்து என்றைக்கு வேண்டுமானாலும் ஒரு போனில் வரவழைத்திருக்கலாம். உன்னைக் கேட்டேன். நீ வேண்டாம் என்பாய், அடுத்ததைப் பட்டியலில் தேடி எழுதுவேன், வாளிக்குக் காத்திருப்பேன். பதில் வரும்வரை எதுவும் செய்வதில்லை என்று எனக்கு நானே ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். நீ பொய்க் காரணம் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு இன்னும் சில வாரம் கிடைத்தது. ஜூன் கடைசியில் உன் கடிதம் வரவில்லை. வராமலே போனது. அப்போதுதான் ஆர்டர் செய்தேன். நீ வேண்டாம் என்றதையும், இனி வேண்டாம் என்று சொல்லப்போவதையும் கழித்துப் பார்த்தால் பட்டியலில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அப்புறம் வந்த கடிதத்தில் உனக்குத் தெரிந்து இல்லை என்றாயே, அதேதான். நீட்டாது, துளை இல்லை, அரம் வேண்டாம்.

பெட்டி வந்ததற்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. கேட்டுக்கிட்டே இரு என்று எழுதியிருந்தாய். பெட்டியைப் பிரிக்கவில்லை. ஆனால் அதை வீட்டில் வைத்துக்கொண்டு துணி துவைக்கவும் முடியவில்லை. டேரில் அதைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் போன சனிக்கிழமை நானே ஜோஆனுக்குப் போன் செய்து, வந்து எடுத்துக்கொண்டு போ என்றேன். எதை என்று கேட்கவில்லை. தலையில் சுருட்டைக் கிளிப்போடு வந்து பெட்டியை ஒரு கையிலும் பிஸ்டல் பையை மறு கையிலும் எடுத்தாள். "நீங்களும் வண்டில ஏறுங்க. கறியும் கிழங்கும் வெச்சுப் பேஸ்டி சுட்டு வெச்சிருக்கேன், ஆறிப் போனா அதுக்கும் என்னைத்தான் குறை சொல்வீங்க," என்றாள். அவள் வீட்டு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவி அவளிடம். டாக்டர் சரி என்று சொல்லும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். இந்த வருஷம் போட்டிக்குப் போகப் போவதில்லை.

சாப்பிட்ட பிறகு, பெட்டியை மட்டும் வெளியே எடுத்துப் பிரித்துப் பார்ப்போமா என்று கேட்டாள். பளபளவென்று இருந்தது. மருந்து போடாத வெற்றுத் தோட்டா ஒன்றை என் கையில் கொடுத்தாள். குழலை நிமிர்த்திப் பிடித்துப் போட்டேன். டொக் என்று விழுந்தது. விரலால் திருப்பினேன், சுழன்றது.

அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது அண்ணா. பக்கத்து வீட்டில் இல்லை, என் கையில். டேரில் மடியில் இருந்த மேரிட்டும் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். இன்னொரு தடவை போட்டேன், மறுபடியும் திரும்பினாள். மிச்சமிருந்த பேஸ்டி ஆறும்வரை அதையே செய்துகொண்டிருந்தோம். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். கேட்டது, அவ்வளவுதான்.

என் பழைய குழலை நீயே வைத்துக்கொள். அடுத்தது, பிஸ்டலில் குறி பார்க்கிற முன் முள் தேய்ந்திருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். பித்தளைப் பொட்டு வைத்தது ஒன்று இருக்கிறது, முழுக்கக் கறுப்பாக ஒன்று இருக்கிறது. அவசரம் எதுவும் இல்லை, அடுத்த வருஷப் போட்டிக்குத்தான். இரண்டையும் வேண்டாம் என்று சொல்வதானாலும் சொல்.

சீக்கிரம் பதில் எழுது.

உன் தங்கை,
ஹைடி